லாபம், ரெண்டு, மூணு

“லாபம்... ரெண்டு... மூணு.”

ஒவ்வொரு எண்ணுக்கும் அப்பாவின் இடது உள்ளங்கை பெஞ்சில் ஒருமுறை தட்டுகிறது. மூன்றில் நிற்கிறது. டீக்கடை லியாகத் அலி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூன்று பருப்பு வடையை எடுத்துத் தாளில் வைக்கிறார். நான்கு வேண்டிய நாளில் நான்கு வரை போக வேண்டும். நேராக “மூணு” என்று கேட்க அப்பாவால் முடியாது. மூன்றுக்குப் போகும் வழி லாபத்தில்தான் தொடங்குகிறது.

நெல் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்வதில்லை. முதல் மரக்காலுக்கு லாபம் என்று பெயர். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று எல்லாம். என் அப்பா ஐயாவு களத்தில் நெல் அளந்தவர்.

“கடை போட்ட நாள்லேருந்து இந்தக் கடையில லாபம்ங்கற வார்த்தையச் சொன்ன ஒரே ஆளு நீங்கதாண்ணே,” என்கிறார் லியாகத் அலி. வாரத்துக்கு ஒருமுறையாவது இதைச் சொல்கிறார். அப்பா ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார். வாயின் இடது பாதி மட்டும் சிரிக்கும்.

டீயைப் பாதி குடித்ததும் டம்ளரைப் பெஞ்சின் மறு ஓரத்துக்குத் தள்ளி, “இந்தா” என்கிறார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. வீட்டில் அம்மாவுக்குப் பாதி டீயை மிச்சம் வைத்துப் பழகிய கை அது. லியாகத் அலி மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவுகிறார்.

போன ஐப்பசியில் அப்பாவின் மூளையில், இடது பக்கத்தில், ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு ஏறக்குறைய முழுவதும் போயிற்று. மிஞ்சியவை வரிசைகள் மட்டும்.

இன்று என்ன கிழமை என்று யாராவது கேட்டால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிளம்புவார். அன்று வியாழன் என்றால், புதனுக்கு வரும்போது வேகம் குறையும், வியாழனில் நிற்பார். நடுவில் ஒருவர் குறுக்கே பேசினால் மறுபடி ஞாயிற்றுக்குப் போக வேண்டும். அப்போது வசை வரும். வசை மட்டும் தடையில்லாமல், முழு வாக்கியமாக, பழைய குரலில் வரும். “எழவெடுத்த பய, வாய மூடுறானா பாரு.” தண்ணீர் என்று கேட்க முடியாத அதே வாயில்.

என்னைக் கூப்பிட வேண்டுமானால் எனக்கு முன் பிறந்தவர்களைக் கடந்துதான் வருவார். “வைரக்கண்ணு... அம்சவல்லி... தங்கமணி.” அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். அக்கா நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இருவரும் தினமும் வீட்டில் அழைக்கப்படுகிறார்கள். எனக்குப் பின்னால் யாரும் பிறக்காதது வசதியாகப் போயிற்று; என் பெயரில் வரிசை தானே நின்றுவிடுகிறது.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மூளையின் மின்னலைகளைத் தாளில் பதியும் கருவியை நான் இயக்குகிறேன்; இப்போது நீண்ட விடுப்பில் ஊரில் இருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் தலைக்குள் இருப்பது ஒருவகை இணைப்பு வேலை என்பது தெரியும். நரம்பணு ஒன்று தனியாக எதையும் செய்யாது. கூட்டமாகக் கோத்துக்கொண்டுதான் வேலை நடக்கும். வெண்ணாற்றுக் கரை உடைத்துக்கொள்ளும்போது ஊரே வரிசையாக நின்று மணல் மூட்டையைக் கை மாற்றுவார்கள். வரிசையில் நிற்பவருக்கு உடைப்பு எங்கே என்று தெரிய வேண்டியதில்லை. முன்னால் இருப்பவர் கொடுத்தால் வாங்கி, பின்னால் இருப்பவரிடம் தள்ளினால் போதும். நரம்பணுவுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். பல வருடம் ஒரே இடத்தில் நின்று பழகிய வரிசை கண்ணை மூடிக்கொண்டு ஓடும்.

புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரும் வரிசை ஒன்று உண்டு. அப்பாவுக்கு அதில் நடுவே நின்ற ஆட்கள் விழுந்துவிட்டார்கள். எண்ணிக்கையும் கிழமையும் பிள்ளைகளின் பெயரும் வசையும் வேறு கரையில் நிற்பவை. அவை தப்பின. ஆனால் வரிசையின் தலையிலிருந்துதான் தொடங்கும். நடுவில் புகுந்து ஒரு மூட்டையை மட்டும் வாங்கிவிட முடியாது.

அம்மாவின் பெயர் இந்த எந்த வரிசையிலும் இல்லை. ராசம்மாள் என்று அப்பா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர் வயது ஆண்கள் எங்கள் தெருவில் யாரும் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “இந்தா” என்பார். அம்மா திரும்புவாள்.

பண்ணைக் களத்தில் கூலி நெல்லைப் பண்ணையின் ஆளே அளந்த காலம் ஒன்று இருந்தது. மரக்காலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் உள்ளே போனால் ஒரு பிடி குறையும். விளிம்புக்கு மேல் நிற்கும் நெல்லை வழித்துத் தலை தட்டும் கை கொஞ்சம் குழிந்தால் இன்னொரு பிடி. ஆட்சி மாறியது. கூலி இத்தனை லிட்டர் என்று சட்டம் வந்தது. அளக்கும் கை மட்டும் மாறவில்லை. பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலத்துக்கு அரை லிட்டர் கூடக் கேட்டு ஒரு தை மாதம் அறுப்பு நின்றது. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். போலீஸ் வேன் வாய்க்கால் பாலத்தில் நின்றது. அப்பா திருத்துறைப்பூண்டி சப்ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். கடைசியில் ஏற்பட்ட சமரசத்தில் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அதோடு இன்னொன்றையும் சங்கத்துத் துரைராசு விடாமல் பேசி வாங்கினார்: கூலியை அளக்கும் கை எங்கள் ஆளுடையதாக இருக்க வேண்டும். அந்தக் கை அப்பாவுடையது.

அவர் அளப்பது பாட்டுப் போலக் கேட்கும். மரக்காலை நிரப்பி, தலை தட்டி, சாக்கில் கொட்டி முடிக்கும்வரை ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வார். லாபம், லாபம், லாபம். கொட்டிய பிறகே ரெண்டு, ரெண்டு. எண் தவறினால் அடிதடி வரும் என்பதால் களத்தில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழவேண்டும். வீட்டிலும் கை சும்மா இருக்காது. தட்டில் போட்ட சோற்றை உள்ளங்கையால் சமன் செய்துவிட்டுத்தான் பிசைவார். மளிகைக் கடையில் உப்பு மூட்டை குவிந்திருந்தால் போகிற போக்கில் ஒரு தட்டு. இப்போது இதையெல்லாம் இடது கை செய்கிறது. இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாதென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்.

பண்ணையின் காரியக்காரர் நடராசன் அந்தச் சமரசத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களை “நீ” என்று சொல்வதை விட்டுவிட்டார். “நீங்க” என்று சொல்ல மனம் வரவில்லை. ஆகவே இரண்டும் இல்லாத ஒரு தமிழைத் தனக்கென்று உண்டாக்கிக்கொண்டார். “ஆரம்பிக்கலாமே.” “சாப்பாடு ஆச்சா.” “நாளைக்கு எப்ப வர்றதா உத்தேசம்?” அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. அவரும் அதே தமிழில் பதில் சொல்வார். “வெயிலுக்கு முன்ன வந்துட்டாப் போச்சு.” இப்படி ஒருவரை ஒருவர் நேராகக் கூப்பிடாமலே பல அறுப்பு ஓடிவிட்டது.

அப்பா விழுந்ததும் துரைராசுதான் அவரை ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் டாக்டர் சோதித்து முடித்திருந்தார். பெயர் கேட்டதற்கு லாபம். பேனாவைக் காட்டிக் கேட்டதற்கு லாபம். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னதற்கு லாபம், லாபம், லாபம். டாக்டர் நல்ல மனிதர், பட்டணத்தில் வளர்ந்தவர். “உங்கப்பா வியாபாரமாம்மா? ஏதாவது பெரிய நஷ்டமா?” என்று என்னிடம் கனிவாகக் கேட்டார். அர்த்தமில்லாத ஒரே சொல் மிஞ்சியிருக்கிறது, பிறர் பேசுவதும் புரியவில்லை என்பது அவர் முடிவு. அப்படி ஆகிறவர்கள் உண்டு. என் கருவிக்கு முன்னால் படுத்திருக்கிறார்கள்.

“அவரு எண்ணுறாரு சார்,” என்றேன். “நெல்லு அளக்கறவரு. லாபம்னா ஒண்ணு.”

“சரிம்மா. அப்ப ரெண்டு ஏன் வரல?”

நியாயமான கேள்வி. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுக்கலாம் என்று பக்கத்திலிருந்த பானையில் டம்ளரால் மொண்டேன். அப்பாவின் கண் டம்ளர் விளிம்புக்கு வந்தது. “லாபம், லாபம்,” என்றார். டம்ளர் என் கையிலேயே இருந்தது. அவர் பார்வையும் அதைவிட்டு நகரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரை மறுபடி பானையிலேயே கொட்டினேன்.

“ரெண்டு,” என்றார் அப்பா.

மொண்டேன். ரெண்டு, ரெண்டு. கொட்டினேன். மூணு. கொட்டினால்தான் அடுத்த எண் வரும். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் கொட்டாததால் அவர் முதல் மரக்காலிலேயே காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் தானே டம்ளரை வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பன்னிரண்டு வரை மொண்டு மொண்டு கொட்டினார். வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு தாளில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். அப்பா பேச்சுக்கு வரக்கூடும் என்று முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான். டம்ளர் இல்லாமல் எண்ணப் பழகியது வீட்டுக்கு வந்த பிறகு. கொட்டுவதற்குப் பதிலாக உள்ளங்கையால் தட்ட வேண்டும் என்பதை அப்பாவே கண்டுபிடித்தார்.

அந்த வாரத்திலேயே ஊரில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும் நிலை இல்லை. நான் மட்டும் போய், மண் போட்டுவிட்டு, திரும்பி வந்து கட்டிலருகே நின்று சொன்னேன்.

“அம்மா செத்துப்போச்சுப்பா.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

“லாபம்,” என்றார்.

அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பின் வந்த மாதங்களில் நான் தெரிந்துகொள்ள விரும்பியது இதை ஒன்றைத்தான். புரியாமல் போயிருந்தால், தான் விழுந்து கிடந்தபோது பெண்டாட்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் எங்கேயோ இருந்துகொண்டு வராமல் இருக்கிறாள் என்று நினைப்பார். கேட்க வாய் இல்லை. சொல்லிப் பார்த்தேன், பலமுறை. ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே சொல். அதை அவர் முதல்முறையாகக் கேட்கிறாரோ என்ற பயத்தில் சொல்வதை நிறுத்தினேன்.

ஒற்றை ஆளாகிவிட்டேன் என்றுதான் லாபம் லாபம் என்கிறார் என அத்தை அழுதாள். அழகான விளக்கம். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் லாபம்தான் வந்தது. இன்னொரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் “எழவு, எழவு” என்று அப்பா சொல்ல, தெரிந்துவிட்டது என்று பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். சோற்றில் ஈ விழுந்திருந்தது. மறுபக்கத்துச் சாட்சியும் அப்படித்தான். பாதி டீயைத் தள்ளி வைத்து “இந்தா” என்பதைப் பார்த்து, பாவம், அவள் இருப்பதாகவே நினைக்கிறார் என்றார்கள். நான் அதையும் ஏற்கவில்லை. டீயைத் தள்ளி வைக்கும் வரிசையில் நிற்கும் யாருக்கும் அம்மா செத்த செய்தி போய்ச் சேரவேண்டிய அவசியம் இல்லை. பழக்கத்தை வைத்து எந்தப் பக்கமும் முடிவு செய்ய முடியாது.

சென்னைக்கு அழைத்துப்போய் என் கருவியிலும் வைத்தேன். தலைமுடியைப் பிரித்து, பசை தடவி, கம்பிகளை நானே ஒட்டினேன். எட்டுப் பேனாக்கள் தாளில் ஓடின. இடது பக்கத்துக் கோடுகள் மெதுவாக, பெரிதாக வந்தன; எதிர்பார்த்ததுதான். சோதனை முடிந்த பிறகு கருவியை நிறுத்தாமல் குனிந்து அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பேனாக்கள் துள்ளின. தாளைக் கிழித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பா கண் சிமிட்டியிருக்கிறார். யார் கண் சிமிட்டினாலும் பேனா அப்படித்தான் துள்ளும்.

தை பிறந்து அறுப்பு வந்தது. கூலி அளக்கும் நாளில் நடராசன் களத்துக்கு வந்து பழைய வாதத்தைப் புதிதாக எடுத்தார். “வாயும் போச்சு, கையும் போச்சு. எதை வச்சு அளக்கறதா உத்தேசம்? பண்ணையில ஆளு இருக்கு.”

“கை நான் தர்றேன்,” என்றார் துரைராசு. “எண்ணிக்கை அண்ணன் சொல்லும். தப்புனா அப்ப பேசிக்கலாம்.”

அப்பாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து குவியலுக்குப் பக்கத்தில் மடித்த சாக்கின் மேல் உட்காரவைத்தோம். குவியலில் ஒரு நெல்லை எடுத்து முன்பல்லில் கடித்தார். காய்ந்தது போதாது என்பதுபோல் முகத்தைச் சுளித்தார். பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். அறுப்புக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவருகிறவள் முதலில் வாங்குவது வழக்கம். அது அம்மா. அவளுக்கு அடுத்து எப்போதும் நிற்கும் ராமாயி இந்த வருடம் முதலில் நின்றாள். துரைராசு மரக்காலை நிரப்பித் தலை தட்டிவிட்டு நடராசனைப் பார்த்தார். பெயர் கூப்பிடுவது பண்ணையின் வேலை. நடராசன் எதையும் பார்த்துப் படிக்கிறவர் இல்லை. வருடக்கணக்காக ஒரே ஆட்கள், ஒரே வரிசை.

“ராசம்மா,” என்று கூப்பிட்டார்.

ராமாயி முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தான் சொன்னதை அவரே அதற்குப் பிறகுதான் கேட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு இறங்கியது. “வாய் தவறி வந்துடுச்சு,” என்றார். “மன்னிக்கணும். மன்னிச்சுக்குங்க ஐயாவு.” அந்த “ங்க” வெளியே வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நான் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்கால் நிறைந்திருக்கிறது. பெயர் கூப்பிட்டாகிவிட்டது. அம்மாவின் பெயருக்குப் பின்னால் அந்தக் களத்தில் அத்தனை வருடமும் வந்த சொல் ஒன்றுதான். லாபம் இப்போது வந்தாக வேண்டும். வரிசை அப்படித்தான் ஓடும். மூட்டை கைக்கு வந்தால் அடுத்த கைக்குத் தள்ளும்.

வரவில்லை. அப்பா உதட்டை இறுக்கி மூடியிருந்தார்.

பிறகு இடது கையைத் தூக்கி, நடராசனைப் பார்த்து, விரல்களை அகற்றி விரித்தார். பஸ் போய்விட்டது, சரக்குத் தீர்ந்துவிட்டது, ஆள் இல்லை என்பதற்கெல்லாம் எங்கள் ஊரில் எல்லாரும் விரிக்கும் கை. அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் தேடவில்லை. வரிசையில் நின்ற யார் முகத்திலும் அம்மாவைத் தேடவில்லை.

அவருக்குத் தெரியும். முதல் நாளே நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். அவள் வருவாள் என்று அவர் ஒருநாளும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா போனதிலிருந்து அன்றுதான் முழு மூச்சு விட்டேன்.

அப்பா விரித்த கையை மடக்கி ராமாயியின் சாக்கு விளிம்பைப் பிடித்தார். அதை மரக்காலுக்கு நேராக இழுத்து, அதன் வாயை அகலத் திறந்து வைத்தார்.